எஸ்.இ.5ஏ 'முழுப் பெட்டி': பிளாஸ்டிக் பாஸ், நூல் பாதி பாஸ்

பெட்டியின் மூடியைப் பார்த்தால் இனி வேறு எதையும் வாங்க வேண்டாம் என்ற தோரணை. நிஜத்தில் 48-ல் ஒரு பங்கு (1:48) அளவில் ஒட்டிச் செய்யும் மாடல் கிட்: முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்விமானம் எஸ்.இ.5ஏ, இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட பைப்ளேன். உள்ளே பிளாஸ்டிக் பாகங்கள், பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த நுண்பாகங்கள், விமானத்தின் அடையாளங்களை ஒட்டுவதற்கான டிகால் தாள், இறக்கையை நிறுத்திப் பிடிக்க அட்டை ஜிக், கம்பி கட்டுவதற்கு எலாஸ்டிக் நூல் ஒரு சுருள். போதாதென்று, கம்பியைத் திருகி இறுக்கும் குட்டிக் குட்டி டர்ன்பக்கிள் வேறு. தயாரித்தவரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறை சொல்ல நிறைய இருக்கிறது, அவர்களோ சின்ன நிறுவனம். தவிர, இப்படி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய பெட்டிகளை இப்போது பலரும் விற்கிறார்கள். நான் சொல்வதில் முக்கால்வாசி அவற்றுக்கும் பொருந்தும்.

எனக்குத் தொழில் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பது. கண்ணில் லூப் என்ற உருப்பெருக்கியும் கையில் இடுக்கியுமாகவே பொழுது போகிறது. அதனால் "சின்ன பாகம், கை நடுங்குகிறது" என்ற புகார் இந்த விமர்சனத்தில் வராது. ஆனால் எந்தப் பாகம் தேவையில்லாமல் சின்னதாக இருக்கிறது என்று சொல்லத் தெரியும்.

முதலில் விமானத்தைப் பற்றிக் கொஞ்சம். எஸ்.இ.5 முதலில் பறந்தது 1916 நவம்பரில், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த ராயல் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரியில். ஹென்றி ஃபோலண்ட், ஜான் கென்வொர்தி, ஃப்ராங்க் குடன் மூவரும் வடிவமைத்தது. குடன்தான் சோதனை விமானி. 1917 ஜனவரியில் இரண்டாவது முன்மாதிரி வானிலேயே உடைந்து விழுந்ததில் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு இறக்கைகளின் கட்டுமானத்தைப் பலப்படுத்தினார்கள். எஞ்சினின் சக்தியைக் கூட்டியதும் பெயரோடு ஒரு 'ஏ' சேர்ந்தது. மெக்கடன், மானக் போன்ற புகழ்பெற்ற போர்விமானிகள் எல்லாம் இதில் பறந்தவர்கள்.

எனக்கு இந்த விமானத்தின் மேல் ஆசை வந்தது இந்திரலால் ராயால். கல்கத்தாவில் பிறந்தவர், பிரிட்டிஷ் வான்படையின் நாற்பதாம் ஸ்குவாட்ரன் விமானி. 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் எதிரி விமானங்களை வீழ்த்திய பத்து வெற்றிகள் கணக்கில் ஏறின. அதே ஜூலை 22-ஆம் தேதி பிரான்சின் கார்வின் பக்கம் நடந்த வான்சண்டையில் விழுந்தார். வயது பத்தொன்பது. டி.எஃப்.சி. என்ற வான்படை வீரப் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர்தான், அதுவும் இறந்த பிறகு. அந்தப் பத்தும் எஸ்.இ.5ஏ-யில் பறந்து அடைந்தவை. பெட்டியின் டிகால் தாளில் நான்கு விமானங்களுக்கான அடையாளங்கள் இருக்கின்றன. ராயுடையது இல்லை. இது குறையா என்று கேட்டால், வியாபார ரீதியாக இல்லை. எனக்குக் குறைதான்.

சரி, பிளாஸ்டிக். நன்றாகவே இருக்கிறது. இறக்கைத் துணிக்குக் கீழே விலா எலும்புகள் தெரிகிற மாதிரி வார்த்திருக்கிறார்கள், ஆனால் மேடு தட்டாமல் மெல்லியதாக. பல பழைய கிட்களில் அந்த இடம் ஏதோ பட்டினி கிடந்த விமானம் போலிருக்கும். இறக்கைகளின் பின்விளிம்பு கத்திபோல் இல்லாவிட்டாலும் தேய்த்துச் சரிசெய்ய முடிகிற அளவில் இருக்கிறது. ஐந்து டிகிரி மேல்நோக்கிய சாய்வைக் கீழ் இறக்கையிலும் மேல் இறக்கையிலும் அச்சிலேயே கொடுத்துவிட்டார்கள். பைப்ளேன் செய்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. இரண்டு ப்ரொப்பெல்லர்கள் வருகின்றன, இரண்டு இலை ஒன்று, நான்கு இலை ஒன்று. ஆனால் எதை எப்போது மாட்ட வேண்டும் என்று குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லை. பல்சக்கரம் வைத்த 200 குதிரைசக்தி ஹிஸ்பானோ எஞ்சினுக்குத்தான் நான்கு இலை. வோல்ஸ்லி வைப்பர் எஞ்சினுக்கு இரண்டு இலை. தெரியாதவர் அழகாக இருப்பதை ஒட்டிவிடுவார், பார்ப்பவரில் ஒருவர் கண்டுபிடித்து மானத்தை வாங்குவார்.

மேல் இறக்கையில் ஃபாஸ்டர் தண்டவாளத்தின் மேல் உட்காரும் லூயிஸ் துப்பாக்கிக்குத் தனிப் பாராட்டு. வளைந்த அந்தத் தண்டவாளம் வழியாகத் துப்பாக்கியைக் கீழே இழுத்து விமானி தோட்டாத் தட்டை மாற்றுவார், சில சமயம் அப்படியே நிமிர்த்தி மேலே பறக்கும் எதிரியின் வயிற்றில் சுடுவார். பித்தளையில் வந்திருக்கும் தண்டவாளம் சரியாக வளைகிறது, வளைக்க ஒரு வார்ப்பும் கொடுத்திருக்கிறார்கள். மூக்கின் இடப்பக்கத்து விக்கர்ஸ் துப்பாக்கி மட்டும் கொஞ்சம் மழுங்கல்.

வண்ணம் பற்றிச் சண்டை போட நான் வரவில்லை. பி.சி.10 என்ற அந்தப் பூச்சு பச்சையா பழுப்பா என்று மாடல் செய்பவர்கள் ஓயாமல் மோதிக்கொள்கிறார்கள். காவியும் கரியும் கலந்தால் வரும் நிறம், கலக்கும் விகிதத்தையும் வெயிலையும் பொறுத்து இரண்டு பக்கமும் சாயும். பெட்டியில் சொன்ன கலவை பழுப்புப் பக்கம். எனக்குச் சம்மதம்.

இதுவரை சொன்னது எந்த நல்ல கிட்டுக்கும் சொல்லக்கூடியது. இந்தப் பெட்டியை வாங்குவதா வேண்டாமா என்பது கம்பியில்தான் இருக்கிறது. பைப்ளேன் மாடல்களை வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டு ஆரம்பிக்காமலே இருப்பவர்கள் அநேகம் பேர், எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றே: ரிக்கிங், அதாவது இறக்கைகளுக்கு நடுவே கம்பி கட்டுவது. எனக்குத் தெரிந்த ஒருவர் டாங்கி மட்டுமே செய்வார். மேசையில் இதைப் பார்த்ததும், "ஏண்ணே, ரெண்டு இறக்கை போதாதா, நடுவுல கொடி கட்டித் துணி வேற காயப் போடணுமா?" என்றார். கம்பி கட்டி முடித்தபின் ஒன்றும் பேசாமல் லூப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

எந்தக் கம்பி எதற்கு என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். கீழ் இறக்கையின் அடியிலிருந்து, அதாவது உடலை ஒட்டிய இடத்திலிருந்து, இரண்டு இறக்கைகளையும் இணைக்கும் வெளிப்பக்கத் தூணின் உச்சிக்குச் சாய்வாகப் போவது பறப்புக் கம்பி. பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தூக்கும், தூக்கி மடிந்துவிடாமல் இது பிடித்துக்கொள்ளும். எதிர்த்திசையில், மேல் இறக்கையின் நடுவிலிருந்து வெளிப்பக்கத் தூணின் அடிக்கு வருவது தரைக் கம்பி. விமானம் நிற்கும்போதும் இறங்கிக் குதிக்கும்போதும் இறக்கையின் எடையைத் தாங்குவது இதன் வேலை. முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவே பெருக்கல் குறிபோல் ஓடுவது இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க. எஸ்.இ.5ஏ-யில் பறப்புக் கம்பிகள் இரட்டை, தரைக் கம்பிகள் ஒற்றை. பறக்கும்போது வரும் சுமைதான் அதிகம் என்பதால் அப்படி. இதைப் புரிந்துகொண்டவர் படம் இல்லாமலே முக்கால்வாசி கட்டிவிடலாம்.

நல்லவேளை, ஏனென்றால் பெட்டியில் இருக்கும் ரிக்கிங் படம் லட்சணமில்லை. முன்பக்கத் தோற்றம் ஒன்று, பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று, எல்லாக் கோடும் ஒரே கறுப்பு. இரட்டை எது ஒற்றை எது என்று பிரிக்கவில்லை. மேல் இறக்கை அய்லரானையும் (விமானத்தைச் சாய்க்க அசையும் பின்விளிம்புப் பலகை) கீழ் இறக்கை அய்லரானையும் இணைக்கும் கம்பியை முன்தோற்றத்தில் வரைந்துவிட்டுப் பக்கவாட்டில் மறந்துபோயிருக்கிறார்கள். நான்கு நிறத்தில் அச்சடித்திருந்தால் தாளின் விலை எவ்வளவு கூடியிருக்கும்?

அட்டை ஜிக் இந்தப் பெட்டியின் அருமையான பொருள். ஆரவாரமில்லாத நாலு துண்டு அட்டை. கோத்து நிறுத்தினால் மேல் இறக்கை கீழ் இறக்கைக்கு முன்னால் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டுமோ அவ்வளவு தள்ளி, எந்த உயரமோ அந்த உயரத்தில் உட்கார்ந்துவிடுகிறது. நான்கு தூண்களையும் ஒட்டிக் காயும்வரை அதை அப்படியே விட்டுவிட்டால், எடுக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவு. வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தேன், குறை சொல்ல முடியவில்லை. தூணின் முனைக் குச்சிகள் ஓட்டையில் கொஞ்சம் லொடலொடவென்று இருந்தாலும் ஜிக் அதை மறைத்துவிடுகிறது.

இந்த ஜிக்கை நான் இவ்வளவு புகழ்வதற்குக் காரணம் எலாஸ்டிக் நூல். எலாஸ்டிக் நூல் எதையும் தாங்காது. நைலான் இழையால் கட்டினால், இறக்கையின் மறுபக்கம் வரை துளைபோட்டு இழுத்து ஒட்டும்போது மாடல் நிஜமாகவே இறுகும். அந்தக் காலத்துக் கம்பி செய்த வேலையை அது கொஞ்சமாவது செய்யும். ஆனால் ஒரு பக்கம் கூடுதலாக இழுத்துவிட்டால் இறக்கையே கோணிக்கொள்ளும். எலாஸ்டிக் கோணவும் வைக்காது, கோணலைத் திருத்தவும் செய்யாது. வெறும் அலங்காரம். ஆகவே கம்பி கட்டும் முன்பே இறக்கை நேராக இருந்தாக வேண்டும். "எலாஸ்டிக் சுலபம்" என்று விற்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை. இந்தப் பெட்டிக்காரர்களும் சொல்லவில்லை, ஆனால் ஜிக் கொடுத்துத் தப்பித்தார்கள்.

இனி நூல். கட்டிய பிறகு விரல் பட்டாலும் அதிர்ந்து திரும்பவும் நேராகிவிடுகிறது. பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவை மெழுகுவத்தியில் காட்டி இழுத்துக் கம்பி செய்த காலத்தில், தூசி தட்டும் பிரஷ் பட்டாலே முறியும். அந்த ஸ்ப்ரூ கம்பி தொய்ந்தால் ஊதுபத்தி நுனியை அருகில் காட்டி இறுக்குவோம், ஒரு மயிரிழை கூடுதலாகக் காட்டினால் கம்பி காணாமல் போய்விடும். அந்தத் தொல்லை எதுவும் இதில் இல்லை.

கட்டும் முறை இப்படி. 0.3 மி.மீ. பிட்டைக் கைத்துரப்பணத்தில் மாட்டி, இறக்கையில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் குழி. மறுபக்கம் வரக்கூடாது, வந்தால் வண்ணம் போட்ட மேற்பரப்பை மறுபடி நிரப்பித் தேய்க்க வேண்டும். குழியை வண்ணம் அடிக்கும் முன்பே போட்டுவிடுவது உத்தமம். சூப்பர் க்ளூவைப் பாட்டிலிலிருந்து நேரே விடக்கூடாது. தையல் ஊசியின் காதை மேல்பக்கம் வெட்டிவிட்டால் இரண்டு பல் கொண்ட முள்கரண்டி போலாகும். அந்த இரண்டு பல்லுக்கு நடுவே ஒரு துளி பசை நிற்கும், நூல் நுனிக்கு அது போதும். நூலை இடுக்கியால் பிடித்து நுனியைப் பசையில் தொட்டுக் குழிக்குள் வைத்தால் மூச்சு விடுவதற்குள் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் மறுமுனைக் குழிவரை தளர்வாகப் பிடித்து, குழிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வெட்ட வேண்டும். அந்தக் குறையை இழுத்து நிரப்பும்போதுதான் நூல் விறைக்கிறது. வெட்ட மழுங்கிய கத்தரி உதவாது, நூல் நசுங்கி நுனியில் பஞ்சு கிளம்பும். புது பிளேடு.

உள்ளிருந்து வெளியே வர வேண்டும் என்பது ஒரே விதி. உடலுக்கும் மேல் இறக்கைக்கும் நடுவிலுள்ள குட்டைத் தூண்களின் கம்பிகள் முதலில், பிறகு தூண்களுக்கு நடுவே பெருக்கல் குறி, பிறகு தரைக் கம்பி, கடைசியில் பறப்புக் கம்பி. மாற்றிச் செய்தால் இடுக்கியை நுழைக்க வழி இருக்காது. சக்கரங்களின் கம்பியும் வாலின் கம்பியும் எப்போது வேண்டுமானாலும்.

நூல் கறுப்பு, உருண்டை, ஒரே தடிமன். மூன்றுமே எஸ்.இ.5ஏ-க்குப் பொருந்தாது.

இந்த விமானத்தில் இருந்தது முறுக்குக் கம்பி அல்ல. ஃபார்ன்பரோவிலேயே உருவாக்கிய ராஃப்வயர் என்ற எஃகுக் கம்பி. வெட்டுமுகம் உருண்டையாக இல்லாமல் தட்டையான, இரண்டு பக்கமும் கூர்ந்த நீள்வட்டம். காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக மெல்லிய விளிம்பு முன்னோக்கி இருக்கும். அதனால் முன்னாலிருந்து பார்த்தால் கம்பி இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் பட்டையாகத் தெரியும். உருண்டை நூலில் இந்த வேறுபாடு வராது. ஆறு மில்லிமீட்டர் அகலக் கம்பி என்று வைத்துக்கொண்டால் 1:48-ல் அது 0.125 மி.மீ. பட்டை. முன்னால் பார்க்கும்போது அதில் ஒரு பங்குதான் தெரிய வேண்டும்.

தட்டை எலாஸ்டிக் கேட்பது பேராசை என்றால், தடிமனாவது இரண்டு விதமாகக் கொடுத்திருக்கலாம், பறப்புக் கம்பிக்கு ஒன்று, கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கு இன்னும் மெல்லியது. கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்க ஒரு வழி உண்டு. நூலை இருமடங்கு நீளத்துக்கு இழுத்தால் தடிமன் ஏறக்குறைய பத்தில் ஏழாகக் குறையும், கன அளவு மாறாது என்ற எளிய கணக்கு. ஆகவே அய்லரான் கம்பிகளை அதிகம் இழுத்தும் பறப்புக் கம்பிகளைக் குறைவாக இழுத்தும் கட்டினேன். வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதிகம் இழுத்த நூல் பசை பிடிக்கும் முன் குழியைவிட்டுத் துள்ளும், இடுக்கியைச் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்திருக்க வேண்டும்.

கறுப்பு நிறம்தான் எனக்குத் தாங்கவில்லை. காக்கி இறக்கைகளுக்கு நடுவே கறுப்புக் கோடு பேனாவால் வரைந்தது போல் துருத்திக்கொண்டு நிற்கிறது. எஃகுக் கம்பி வெளிச்சத்தில் சாம்பலாகத்தான் தெரியும். கட்டிய பிறகு மெல்லிய பிரஷ்ஷால் சாம்பல் அக்ரிலிக் தடவினால் ஒட்டுகிறது, ஆனால் யாராவது நூலைத் தொட்டு அது நீண்டு சுருங்கினால் வண்ணம் பொடிப்பொடியாக வெடிக்கும். அப்புறம் கறுப்பும் சாம்பலும் மாறி மாறி வரும் கம்பி. இதே எலாஸ்டிக் அடர்சாம்பல் நிறத்தில் தனியாகக் கிடைக்கிறது. இடப்பக்கம் பெட்டி நூல், வலப்பக்கம் சாம்பல் நூல் என்று கட்டி இரண்டையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். அன்று இரவே இடப்பக்கத்தை அவிழ்த்துவிட்டுச் சாம்பலுக்கு மாற்றினேன். எலாஸ்டிக்கின் இன்னொரு நல்ல குணம் இது: பிளேடு நுனியால் தொட்டால் போதும், இறக்கைக்குச் சேதமில்லாமல் கழன்று வந்துவிடும்.

டர்ன்பக்கிள் விஷயம் வேடிக்கை. பெட்டி அட்டையில் பெரிதாகப் போட்டு விற்கிறார்கள். பித்தளைத் தகட்டில் எண்ணற்ற குட்டிக் குட்டி டர்ன்பக்கிள்கள், ஒவ்வொன்றும் எள்ளில் பாதி. வேலைப்பாட்டைக் குறை சொல்லவே முடியாது, கடிகாரக் கடைக்காரனுக்கே பொறாமை வருகிறது. ஆனால் ராஃப்வயரின் இரண்டு முனையிலும் மரை வெட்டி நேரே கவட்டைக்குள் திருகியிருப்பார்கள், நடுவில் பருத்த டர்ன்பக்கிள் கிடையாது. டர்ன்பக்கிள் நிறையப் பார்க்க வேண்டுமென்றால் முறுக்குக் கம்பி கட்டிய ஜெர்மன் விமானங்களைப் பார்க்க வேண்டும். பெட்டிக்காரர்கள் வேறு ஏதோ ஜெர்மன் கிட்டுக்குச் செய்த தகட்டை இதிலும் போட்டுவிட்டார்கள் என்பது என் ஊகம். இறக்கைக் கம்பிகளில் இவற்றை மாட்டினால் வேலையும் கூடும், தவறும் கூடும். பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்து ஆல்பட்ராஸ் என்ற ஜெர்மன் விமானம் ஒன்று செய்யும்போது உதவும்.

யார் வாங்கலாம்? முதல் பைப்ளேன் செய்பவருக்குத் தயங்காமல் சொல்வேன், விமானமே நல்ல தேர்வு. ஒவ்வொரு பக்கமும் ஒரே ஜோடித் தூண்தான், கம்பிகளும் அளவோடு. இரண்டு ஜோடித் தூண் உள்ள பி.இ.2சி போன்றவற்றை முதலில் தொட்டவர்கள் ஓடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஜிக் இருப்பதால் இறக்கை கோணாது, எலாஸ்டிக் இருப்பதால் கம்பி தொய்யாது. முதல் தடவைக்குக் கறுப்பு நூல் ஒரு பெரிய பாவமும் இல்லை. ஏற்கெனவே கட்டிப் பழகியவர் இதே நிறுவனம் விற்கும் எளிய பதிப்பைப் பார்க்கட்டும்: பிளாஸ்டிக், ஃபாஸ்டர் தண்டவாளம் உள்ள சிறிய பித்தளைத் தகடு, ஜிக், டிகால், அவ்வளவே. சாம்பல் நூலைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம், டர்ன்பக்கிளுக்குத் தண்டம் அழ வேண்டாம்.

ரிக்கிங் படம் பற்றி அவர்களுக்கு எழுதினேன். அடுத்த அச்சில் நிறம் பிரித்துப் போடுவதாகப் பதில் வந்தது. நூலின் நிறம் பற்றியும் கேட்டிருந்தேன், அந்த வரிக்கு மட்டும் பதில் இல்லை.